அணிக்கோவை தெரியும்... டிடர்மினன்ட்தான் தெரியாது!

ஃபர்ஸ்ட் இயர் மக்களே... பேக் வாங்கியாச்சா? ஐ.டி. கார்டு போட்டோவுக்கு விறைப்பா ஒரு போஸ் கொடுத்தாச்சா? 'எந்தக் காலேஜ் கண்ணு? எத்தனை வருஷம்?'னு விசாரிக்கிற அத்தனை அத்தை, பெரியம்மாவுக்கும் பதில் சொல்லி வாய் வலிக்குதா? ரைட்டு. இப்போ ஒரு கேள்வி. நீங்க சேர்ந்திருக்கிற காலேஜை, சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?

எங்க ஊர் நெய்க்காரப்பட்டியில இந்த வருஷம் இன்ஜினீயரிங் சேர்ந்த பசங்ககிட்ட இதைக் கேட்டேன். முக்கால்வாசிப் பேரோட பதில், ஒரு அசட்டுச் சிரிப்பு! ஊரைத் தெரியாதவங்களுக்கு: பழனியிலிருந்து மேற்கே, சண்முகநதிப் பாலத்தைத் தாண்டி உடுமலை ரோட்டுல வந்தா பத்து கிலோமீட்டருக்குள்ள நாங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரும்பும் தென்னையும், தெற்கே பார்த்தா கொடைக்கானல் மலை, கிழக்கே திரும்பினா பழனி மலை. பஸ் ஏறினா ஒரு பக்கம் திண்டுக்கல், மறு பக்கம் கோயம்புத்தூர். காலேஜுக்கும் இந்த ரெண்டு திசைதான். மார்க் கொஞ்சம் தூக்கலா இருந்தா சென்னை.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். எங்களுக்கு முந்தின தலைமுறை அண்ணன்களுக்கு ஒரு விஷயம் வாய்ச்சுது. 1997-ல் ஒற்றைச் சாளர கவுன்சலிங் வந்ததிலிருந்து 2017 வரைக்கும், கவுன்சலிங்னா சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போகணும். அப்பாவோட ராத்திரி பஸ், மஞ்சப் பையில சர்டிபிகேட், கட்டுச்சோறு, கிண்டி வளாகத்துல மரத்தடியில காத்திருப்பு. உள்ளே போனா பெரிய திரையில எந்தக் காலேஜ்ல எத்தனை சீட்டுனு ஓடிக்கிட்டே இருக்கும். நம்மளை மாதிரியே முழிக்கிற ஆயிரம் பேரைப் பார்த்ததும், 'ஓ... நாம மட்டும் இல்லையா!'னு பாதி பயம் அங்கேயே காலி. 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறுச்சு. நல்லதுதான். ரெண்டு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். ஆனா இப்போ காலேஜ்ங்கிறது பிரவுசிங் சென்டர் ஸ்கிரீன்ல ஒரு கோடு நம்பர். நாலு கோடு நம்பரை வரிசைப்படுத்தி 'லாக்' பண்ணிட்டு வீட்டுக்கு வந்துடறோம். அந்த முழி, பயம், 'நாம மட்டும் இல்லை'ங்கிற ஆறுதல் எல்லாத்தையும் முதல் நாள் கிளாஸ்ரூமுக்குள்ளதான் தேடிக்கணும். அங்கே ஆறுதல் கிடைக்கலைன்னா?

ஆறாவது வாரம்

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம். தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. கணக்குல கெட்டிக்காரர். ப்ளஸ் டூவுல கணக்குக்கு 92. வீட்டுக்கு முதல் பட்டதாரி ஆகப்போறார்னு அவங்க அம்மா ஊரெல்லாம் வெல்லம் கொடுத்தாங்க. (எங்க ஊர்ல சந்தோஷத்துக்குச் சாக்லேட் அவ்வளவா ஓடாது.) போனது பெரிய ஊர்ப் பக்கம் ஒரு காலேஜ், ஹாஸ்டல். ஆறாவது வாரம் பெட்டியோட திரும்பி வந்துட்டார். இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. வீட்டுல கேட்டா 'படிப்பு ஏறலை'ங்கிற ஒரே வரிதான் பதில்.

அவர்கிட்டயே பேசினேன். ராகிங் இல்லை, ஃபீஸ் பிரச்னையும் இல்லை. முதல் கிளாஸ் டெஸ்ட்ல மேத்ஸ்ல 50-க்கு 11. ஸ்கூல்ல கணக்குல 92 வாங்கினவருக்கு 11! பேப்பரைக் கையில வாங்கினவர் யார்கிட்டயும் காட்டலை. அடுத்த கிளாஸ்ல கடைசி பெஞ்ச். அப்புறம் கிளாஸுக்கே போகலை. நாலு நாள் ரூம்லயே படுத்திருந்தாராம். அந்த நாலு நாளும் 'ஏன் வரலை?'னு ஒருத்தரும் கேட்கலைங்கிறதுதான் அவருக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம். அஞ்சாவது நாள் பஸ் ஏறிட்டார்.

'அந்த டெஸ்ட்ல என்ன கேட்டிருந்தாங்க?'னு கேட்டேன். அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு மாட்ரிக்ஸோட ரேங்க் கண்டுபிடிக்கணும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா அது ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தோட முதல் பாடம். 'அணியின் தரம்'. அவர் ராத்திரி தூக்கத்துல எழுப்பினாலும் போடுவார்! 'ரேங்க்'னா தரம்னு மட்டும் தெரியலை.

பேருதான் மாறியிருக்கு பாஸ்!

தமிழ் மீடியத்திலிருந்து வர்றவங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய மேட்டர் இதுதான். முதல் செமஸ்டர் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியில ஒரு பெரிய பங்கு நீங்க ஏற்கெனவே படிச்சது. ஆளு அதே ஆளுதான், காலேஜுக்கு வந்ததும் பேரை மாத்திக்கிட்டான். அணிக்கோவைதான் டிடர்மினன்ட். நேர்மாறுன்னா இன்வெர்ஸ். நிரைநிரல் மாற்று இங்கே டிரான்ஸ்போஸ். சார்பு, ஃபங்ஷன். வகையிடல், டிஃபரன்ஷியேஷன். பகுதி வகைக்கெழு, பார்ஷியல் டெரிவேட்டிவ். பிசிக்ஸ்ல உந்தம்னு படிச்சது மொமென்ட்டம், விளிம்பு விளைவு டிஃப்ராக்‌ஷன், குறைகடத்தி செமிகண்டக்டர். கெமிஸ்ட்ரி மேடம் 'கேட்டலிஸ்ட்'னு நாலு தடவை சொன்னதும் பேய் முழி முழிக்காதீங்க... நம்ம பழைய வினைவேக மாற்றிதான் அது!

இதுக்கு ஒரு செம ஐடியா இருக்கு. காசே செலவில்லை. தமிழ்நாடு அரசுப் பாடநூல் கழகத்தோட புத்தகங்கள் எல்லாமே இணையத்துல இலவசமா கிடைக்குது, ரெண்டு மீடியத்துக்கும். நீங்க தமிழ்ல படிச்ச அதே ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் புத்தகங்களோட இங்கிலீஷ் மீடியம் பிரதியை இறக்கிக்குங்க. அதே பாட வரிசை, அதே கணக்கு, அதே படம். உங்க பழைய புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டு, ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ்னு எழுதிக்கிட்டே வாங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு ஆயிரக்கணக்குல கொட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு மாசம் செஞ்சு பாருங்க. 'ஹவ் டு யூ டூ?' தெரியாம யாரும் அரியர் வைக்கிறதில்லை. 'டிடர்மினன்ட்' தெரியாமத்தான் வைக்கிறோம்.

ஆமா, உண்மையிலேயே புதுசா வர்ற பாடமும் உண்டு. ஐகன் வேல்யூ ஸ்கூல்ல கிடையாது. குவான்டம் மெக்கானிக்ஸைத் தொட்டுட்டு விட்டிருப்பாங்க, இங்கே இழுத்துட்டுப் போவாங்க. நான் படிக்கிற 2021 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர்லயே பைத்தான் புரோகிராமிங் இருந்துச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன் தட்டித் தள்ளுவான். பயாலஜி குரூப்ல வந்தவன் மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கிறதுனு பார்ப்பான். இதுல ஒரே வழி, லேப்ல பக்கத்து சீட்டுக்காரன் டைப் பண்றதை வேடிக்கை பார்க்காம, தப்போ ரைட்டோ கீபோர்டை உங்க கைக்கு வாங்கறது. எரர் வந்தா அந்தச் சிவப்பு எழுத்தைக் கடைசி வரியிலிருந்து படிங்க. எந்த வரியில பிரச்னைன்னு அதுவே சொல்லிடும். பைத்தான் ரொம்ப நல்ல பாம்பு!

அப்புறம் ஒரு தகவல். 2022-ல் சேர்ந்த பேட்ச்லயிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே இருக்கிற இன்ஜினீயரிங் காலேஜ்கள்ல முதல் செமஸ்டர்ல 'தமிழர் மரபு', ரெண்டாவதுல 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு ரெண்டு பேப்பர் சேர்த்தாங்க. கிளாஸ்ல மத்த பேப்பருக்கெல்லாம் ஒளிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த பசங்க, அந்த ஒரு பீரியட்ல மட்டும் கை தூக்கிப் பேசினதை நான் பார்த்திருக்கேன். ஒரு தடவை கை தூக்கினா கை பழகிடுது. (சிவில், மெக்கானிக்கலை முழுக்கத் தமிழ்லயே படிக்கிற வழியை அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சில கல்லூரிகள்ல ஆரம்பிச்சுது. அது தனிக் கதை. அதைப் பத்தி இன்னொரு வாரம்.)

மார்க் கணக்கையும் முதல் வாரத்துலயே தெரிஞ்சுக்குங்க. எங்க ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. அதாவது பரீட்சை ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டம் முடிஞ்சுடுது. ஸ்கூல் மாதிரி கடைசி மாசம் முட்டி மோதி மேலே வர்ற கதை இங்கே எடுபடாது. ரெகுலேஷன் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும். 2013, 2017, 2021னு மாறிக்கிட்டே வந்திருக்கு. அதனால சீனியர் சொன்னதை வேதவாக்கா எடுக்காம, உங்க பேட்சுக்கு எதுன்னு காலேஜ்ல கேட்டு, அந்த பி.டி.எஃப்-ஐ ஒரு தடவையாவது படிச்சுடுங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதம்ங்கிறதையும் அடிக்கோடு போட்டுக்குங்க.

இந்த இடத்துல யாராவது ஒருத்தர், 'ராமானுஜனே காலேஜ்ல ஃபெயில் தெரியுமா?'னு வருவார். தெரியும். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தார். கணக்கைத் தவிர வேற எதையும் தொடலை. இங்கிலீஷ்ல கோட்டை விட்டார், ஸ்காலர்ஷிப் போச்சு. 1905-ல் வீட்டுல சொல்லாமக் கிளம்பி விசாகப்பட்டினம் பக்கம் போயிட்டார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் தேறலை. ஆனா இதைப் பெருமையா சொல்லிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ராமானுஜன், தப்பிச்சார். அதுக்கும் பல வருஷம் வேலை தேடி அலைஞ்சு, வறுமையில வாடித்தான் தப்பிச்சார். அதே கும்பகோணத்துல அதே வருஷம் அதே மாதிரி திரும்பிப்போன மத்தவங்க பேரு நமக்குத் தெரியாது.

யாரைக் கேட்கிறது?

காலேஜ்ல ஒவ்வொரு கிளாஸுக்கும் 'ஃபேகல்டி அட்வைசர்'னோ 'மென்டார்'னோ ஒருத்தர் இருப்பார். இவரு பேரு நோட்டீஸ் போர்டுல இருக்கும். நாம பார்க்க மாட்டோம். லீவ் லெட்டர்ல கையெழுத்து வாங்கத்தான் இவர்னு நினைச்சுக்கறோம். அவர்கிட்ட போய் 'சார், கிளாஸ்ல பேசறது புரியலை'ன்னு சொன்னா என்ன பண்ணுவார்? சிலர் முறைப்பாங்க, பொய் சொல்ல விரும்பலை. ஆனா பலபேர் உட்கார வெச்சுப் பேசுவாங்க. அவங்களும் ஏதோ ஒரு நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்தவங்கதான். கிளாஸ்ல எழுபது பேர் முன்னாடி கேட்க வெட்கமா இருந்தா, பீரியட் முடிஞ்சதும் கதவுப் பக்கம் போய் நில்லுங்க. ரெண்டு நிமிஷம் போதும். நோட்டைக் காட்டிக் கேளுங்க, 'இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி சார் வந்துச்சு?' இதைத் தமிழ்லயே கேளுங்க. வாத்தியாருக்கும் தமிழ் தெரியும்!

கிளாஸ் ஆரம்பிக்கும் முன்னாடி 'இண்டக்‌ஷன் புரோகிராம்'னு வெப்பாங்க. ஏ.ஐ.சி.டி.இ. சொல்ற மாடல்படி மூணு வாரம். விளையாட்டு, ஓவியம், பாட்டு, பக்கத்து ஊர்களைச் சுத்திப் பார்க்கிறதுனு நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. பல இடங்கள்ல அது நாலு நாள் ஆடிட்டோரியம், நாலு சீஃப் கெஸ்ட், நாற்பது பொன்னாடைனு சுருங்கிடும். அப்படிச் சுருங்கினாலும் கட் அடிக்காதீங்க. மார்க், டெஸ்ட் எதுவும் இல்லாம, எல்லோரும் சமமா முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நாட்கள் நாலு வருஷத்துல அது மட்டும்தான். பக்கத்துல இருக்கிறவன் பேரைக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது.

சீனியர்கள்? இங்கே ஒரு பழைய வேதனை இருக்கு. 1996 நவம்பர்ல சிதம்பரத்துல மருத்துவம் முதல் வருஷம் படிச்ச நாவரசுவை ஒரு சீனியர் கொலை பண்ணினதை நம்ம அப்பா, அம்மா தலைமுறை இன்னும் மறக்கலை. ஹாஸ்டல்னு சொன்னதும் எங்க பாட்டி கண்ணைத் துடைச்சதுக்குக் காரணம் அதுதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுல ராகிங்குக்குத் தனிச் சட்டம், 1997-ல். அப்புறம் 2009-ல் இமாசலப் பிரதேசத்துல அமன் கச்ரூங்கிற மருத்துவ மாணவர் ராகிங்ல உயிரிழந்த பிறகு, யு.ஜி.சி. நாடு முழுக்க விதிமுறை கொண்டுவந்துச்சு. அட்மிஷன்போது நீங்களும் அப்பாவும் தனித்தனியா கொடுக்கிற 'ராகிங் பண்ண மாட்டேன்' உறுதிமொழி அதுல வந்ததுதான். 1800-180-5522ங்கிற இலவச நம்பரும் அப்படித்தான். போன்ல சேவ் பண்ணி வெச்சுக்குங்க. 'சும்மா பாடச் சொன்னேன், ஆடச் சொன்னேன்'கிறதும் உங்களுக்குப் பிடிக்கலைன்னா ராகிங்தான். இதுல ஜாலி, சீரியஸ்னு ரெண்டு வகை கிடையாது.

அதே சமயம், சீனியர்னாலே ஓடி ஒளிஞ்சா நஷ்டம் நமக்குத்தான். பழைய கொஸ்டின் பேப்பர், எந்த லேப்ல என்ன கேட்பாங்க, எந்த புக்கை வாங்கணும், எதை லைப்ரரியில எடுத்தா போதும்... இதெல்லாம் எந்த இண்டக்‌ஷன்லயும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு. முதல் வாரம் குரூப் சேர்றது எப்படின்னு கவனிச்சிருக்கீங்களா? மதுரைக்காரங்க ஒரு பக்கம், கோயம்புத்தூர்க்காரங்க ஒரு பக்கம், சென்னைக்காரங்க தனி பெஞ்ச். ஊர்ப்பாசம் ஓ.கே.! 'பழனியா? முருகா!'னு ஒருத்தன் கட்டிப்பிடிச்சா சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா சில பேர் 'எந்த ஊரு?'வுக்கு அடுத்து 'எந்தத் தெரு?', 'உங்க குலதெய்வம் எது?'னு கேட்பாங்க. கேள்வி எங்கே போகுதுனு உங்களுக்கே தெரியும். அந்த குரூப்ல சேர்ந்தா நாலு வருஷமும் ஊருக்குள்ளேயே இருக்கிற மாதிரிதான். அதுக்கு எதுக்கு ஹாஸ்டல் ஃபீஸ்?

பஸ் பார்ட்டிகளுக்கு...

ஹாஸ்டல் கதை எல்லோரும் எழுதுவாங்க. மெஸ் ரசத்தைப் பத்தி நானும் எழுதினா அது ரசத்துக்கே போரடிக்கும். டே-ஸ்காலர்களைப் பத்தி யாரும் எழுதறதில்லை.

நெய்க்காரப்பட்டியிலிருந்து திண்டுக்கல் பக்கம் போற பசங்களுக்குப் போக வர சேர்த்து மூணு மணி நேரம் பஸ்தான். ஒரு செமஸ்டருக்கு எழுபத்தஞ்சு நாள்னு வெச்சுக்கிட்டாலும் 225 மணி நேரம்! ஜன்னல் சீட், இயர்போன், தூக்கம்னு அது போயிடும். நான் தூக்கத்துக்கு எதிரி இல்லை, காலையில அஞ்சு மணிக்கு எழுந்தவன் தூங்கட்டும். ஆனா போற மூணுல ஒரு அரை மணி நேரத்துக்கு அந்த ரெண்டு பத்தி நோட்டைத் திறங்க. இல்லேன்னா ஐ.ஐ.டி. வாத்தியார்கள் நடத்துற என்.பி.டி.இ.எல். பாடத்தை ஊர்லயே இறக்கிக்கிட்டு, பஸ்ல கேளுங்க. ஒட்டன்சத்திரத்துல காய்கறி லாரி நடுவுல பஸ் நிக்கிற நேரமே ஒரு லெக்சருக்குப் போதும்.

உண்மையான கஷ்டம் சாயங்காலம்தான். காலேஜோட சுவாரஸ்யம் முழுக்க நாலரை மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும். ரோபோ கிளப், தமிழ் மன்றம், கிரிக்கெட் டீம், சிம்போசியம் வேலை... நமக்கு அப்பதான் காலேஜ் பஸ் கிளம்பும். அந்த பஸ்ஸை விட்டா பழனியில இறங்கி டவுன் பஸ்ஸுக்குத் தவம். அதனால எல்லா கிளப்லயும் பேர் கொடுத்துட்டு எதுக்கும் போகாம இருக்கிறதைவிட, ஒண்ணே ஒண்ணுல சேருங்க. மதியச் சாப்பாட்டு நேரத்துலயோ சனிக்கிழமையோ நடக்கிறதா பார்த்து. என்.எஸ்.எஸ். இதுக்கு நல்ல சாய்ஸ். கேம்ப் போற ஏழு நாளும் பக்கத்து கிராமத்துலதான் தங்கல். டே-ஸ்காலருக்கு அது ஒண்ணுதான் ஹாஸ்டல் அனுபவம்.

பொண்ணுங்களுக்கு இது இன்னும் ஒரு படி கஷ்டம். சின்னக்கலையம்புத்தூர்ல இருக்கிற பழனியாண்டவர் மகளிர் கல்லூரி எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு எவ்வளவு பெரிய கதவுன்னு எங்க தெருவுல எந்த வீட்டைத் தட்டினாலும் சொல்வாங்க. பக்கத்துல இருக்கு, பஸ் இருக்கு, வீட்டுல 'சரி'ன்னுடுவாங்க. ஆனா பக்கத்துல இருக்கிறதாலேயே 'நாலு மணிக்குக் காலேஜ் முடிஞ்சா நாலரைக்கு வீட்டுல இருக்கணும்'ங்கிற கணக்கும் கூடவே வரும். அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: தங்கச்சி தமிழ் மன்றத்துக்கு இருந்துட்டு ஆறு மணிக்கு வந்தா வாட்ச்சைப் பார்க்காதீங்க. நீங்க எத்தனை மணிக்கு வர்றீங்கனு அவங்க பார்க்கறதில்லை.

பணம் பத்திச் சுருக்கமா. வீட்டுல யாரும் பட்டம் வாங்கலைன்னா, கவுன்சலிங் வழியா சேர்றவங்களுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகைனு ஒண்ணு 2010-லிருந்து வந்துச்சு. சான்றிதழை இ-சேவை மையத்துல போட்டு தாசில்தார் ஆபீஸ்ல வாங்கணும். ஆறிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும் இன்ஜினீயரிங்குக்கு 2021-லும் வந்துச்சு. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாசம் ஆயிரம் ரூபாய்னு புதுமைப் பெண் 2022-ல், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் தொடங்குச்சு. விதியும் கடைசித் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால காலேஜ் ஆபீஸ்ல ஸ்காலர்ஷிப் பார்க்கிற கிளார்க் யாருனு முதல் வாரமே தெரிஞ்சுக்கிட்டு, அவருக்கு ஒரு வணக்கம் வெச்சுடுங்க. பிரின்சிபாலைத் தெரிஞ்சுக்கிறதைவிட அது உபயோகம்!

கொப்பரைக்குள்ள தெர்மோடைனமிக்ஸ்

சிட்டிப் பசங்க நடுவுல உட்கார்ந்ததும் நமக்கு ஒரு நினைப்பு வரும். 'அவனுக்கு எல்லாம் தெரியுது, நமக்கு ஒண்ணும் தெரியலை.' எங்க ரோட்டையே எடுத்துக்குங்க. இதே ரோட்டுல உடுமலை, பொள்ளாச்சி தாண்டிப் போனா கிணத்துக்கடவு பக்கம் கோதவாடி. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை அந்த ஊர்க்காரர். தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. பொள்ளாச்சி என்.ஜி.எம். கல்லூரியில பி.யு.சி., அப்புறம் கோவை ஜி.சி.டி.யில இன்ஜினீயரிங். 2008 அக்டோபர் 22 அன்னைக்கு அந்த ராக்கெட் கிளம்பினப்போ நான் டவுசர்கூட போட்டிருக்க மாட்டேன். அது பெரிய இடத்துக் கதை, விடுங்க. நம்ம கையில இருக்கிறதைப் பார்ப்போம்.

வெல்லம் காய்ச்சுற ஆலைக் கொட்டாயில நீங்க நின்னிருக்கீங்களா? கரும்புச் சாறை அகலமான கொப்பரையில ஊத்தி, கீழே கரும்புச் சக்கையையே எரிச்சு, அழுக்கு மேலே திரள்றதுக்குச் சுண்ணாம்பு போட்டு, நுரையை வழிச்சு எடுத்துக்கிட்டே இருப்பாங்க. பதம் வந்ததா இல்லையான்னு பாகைத் தண்ணியில விட்டு விரல்ல உருட்டிப் பார்ப்பாங்க. ஹீட் டிரான்ஸ்பர், கம்பஷன், பாயிலிங் பாயிண்ட் ஏறுறது, ஆசிட்-பேஸ் கெமிஸ்ட்ரினு நாலு பேப்பர் அந்த ஒரு கொட்டாய்க்குள்ள இருக்கு! புகைபோக்கி வழியா சூடு பாதி வீணாப் போகுது. அந்தச் சூட்டுல அடுத்த கொப்பரைச் சாறை முன்னாடியே சூடாக்கினா சக்கை மிச்சமாகும்னு ரெண்டு கொப்பரை அடுப்பை ஏற்கெனவே சில ஊர்கள்ல போட்டிருக்காங்க. வெல்லம் பளிச்சுனு மஞ்சளா தெரியணும்னு 'ஹைட்ரோஸ்' போடற பிரச்னை வேற இருக்கு, கெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு. திண்டுக்கல் பசங்களுக்குப் பூட்டு இருக்கு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின அந்தப் பூட்டுக்குள்ள லீவர் எப்படி வேலை செய்யுதுனு பட்டறையில போய்ப் பார்த்தா, மெஷின் டிராயிங்குக்கு வேற மாடலே வேண்டாம்.

மினி ப்ராஜெக்ட்னு வந்ததும் ஆன்லைன்ல ரெடிமேட் கிட் வாங்கி லைட் எரியவிடறது பெரும்பாலும் நடக்கும். வைவாவுல 'இது எதுக்குப்பா?'னு கேட்டா பதில் இருக்காது. கொப்பரையைப் பத்திக் கேட்டா நெய்க்காரப்பட்டிக்காரன் அரை மணி நேரம் பேசுவான். இங்கிலீஷ் தடுமாறினாலும் பேசுவான். கேட்கிற எக்ஸாமினருக்கு அது புதுசு!

எங்க கிளாஸ்ல நாங்க மூணு பேர் சேர்ந்து பொங்கல் சமயத்துல ஆலை ஓடும்போது தெர்மோகப்பிளும் தராசும் எடுத்துக்கிட்டு ஊருக்கு வர்றதா இருக்கோம். ஒரு கொப்பரைக்கு எவ்வளவு சக்கை எரியுது, எத்தனை டிகிரியில பதம் வருதுனு அளக்கணும். டீம்ல ஒருத்தன் சென்னை, ஒருத்தன் தூத்துக்குடி. ரெண்டு பேரும் கரும்பை ஜூஸ் கடையில மட்டும் பார்த்தவனுங்க. கொட்டாய்க்காரர்கிட்ட பெர்மிஷன் கேட்டாச்சு. அவர் போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான்: 'பாகு எறக்கற நேரத்துல மட்டும் குறுக்க வந்து நிக்கக் கூடாது சாமி!'